கண்ணாடியில் ஒளிபுகும் நிறம்: வண்ணப்பூச்சும் எனாமலும் தெரிவு செய்வதற்கான அடிப்படைகள்

ஆய்வுச் சுருக்கம்

கண்ணாடியின்மீது தீட்டப்படும் நிறம் ஒளியை மறைக்காமல், ஒளியாலேயே விளங்க வேண்டும் என்னும் தேவை சாளரக் கலையிலும் விளக்குக் கூடுகளிலும் அலங்காரக் கலங்களிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இத்தேவையை நிறைவு செய்யும் பொருள்கள் இரு பெரும் பிரிவின. சூளையில் வெந்து கண்ணாடியோடு ஒன்றாகும் எனாமலும் அதன் இனமான நிறங்களும் ஒரு பிரிவு. பிசின் படலமாக உலர்ந்து மேற்பரப்பில் ஒட்டி நிற்கும் வண்ணங்கள் மற்றொரு பிரிவு. இவற்றுள் எதனை எங்குத் தெரிவு செய்வது என்பதற்கான ஒளியியல், வேதியியல், வெப்பவியல் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் ‘எனாமல்’ என்னும் ஒரே சொல் வேறுவேறு பொருள்களைக் குறிப்பதால் நேரும் மயக்கத்தையும், ஐரோப்பியச் சாளரக் கலை வரலாற்றில் தவறான தெரிவினால் நேர்ந்த இழப்புகளையும் சான்றுகளாகக் கொண்டு, பயன்பாட்டுக்குரிய ஒரு தெரிவு முறையை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: நிறக் கண்ணாடி, எனாமல், ஒளிபுகும் தன்மை, வெள்ளி மஞ்சள், இளக்கி, வெப்ப விரிவு, கலைச்சொல்.

1. முன்னுரை

சுவரிலும் துணியிலும் பலகையிலும் தீட்டப்படும் ஓவியத்தை, அதன்மேல் விழுந்து திரும்பும் ஒளியால் காண்கிறோம். கண்ணாடிச் சாளரத்தில் தீட்டப்பட்ட ஓவியத்தையோ அதனை ஊடுருவி வரும் ஒளியால் காண்கிறோம். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், பொருள்தெரிவு முழுவதும் இதனைச் சார்ந்தே அமைகிறது. சுவரோவியத்துக்குச் சிறந்த நிறமி கண்ணாடிச் சாளரத்தில் கருநிழலாகிவிடும். சாளரத்தில் மாணிக்கம்போல் ஒளிரும் நிறம், கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தால் மங்கிய கறைபோல் தோன்றும்.

தமிழகத்தில் கண்ணாடியில் தீட்டும் மரபு என்றவுடன் நினைவுக்கு வருவன தஞ்சைக் கண்ணாடி ஓவியங்கள். கண்ணாடியின் பின்புறத்தில் வரைந்து முன்புறமிருந்து காணும் முறையில் அமைந்தவை இவை. நுண்கோடுகளும் அணிகலன்களும் முதலிலும், உடலும் உடையும் அடுத்தும், பின்னணி இறுதியிலும் தீட்டப்படுவதால் வழக்கமான ஓவிய வரிசை இதில் தலைகீழாகிறது. எனினும் இவற்றிலும் ஒளி முன்புறமிருந்தே விழுந்து திரும்புகிறது. ஆகவே ஒளிபுகா வண்ணங்களே இவற்றுக்கு ஏற்றவை. மறுபுறம், பழைய தேவாலயங்களின் சாளரங்களிலும் செட்டிநாட்டு வீடுகளின் நிலை வளைவுகளிலும் பதிக்கப்பட்டுள்ள நிறக் கண்ணாடிகள் ஊடுருவும் ஒளிக்கெனவே அமைந்தவை. அத்தகைய கண்ணாடித் துண்டு ஒன்று உடைந்தால், அதன் இடத்தில் வைக்கப்படும் புதிய துண்டுக்கு நிறம் எங்கிருந்து வருவது என்னும் வினா எழுகிறது. கடையில் கிடைக்கும் வண்ணத்தைப் பூசுவதா, சூளையில் எனாமல் வேகவைப்பதா, நிறம் ஊறிய கண்ணாடியையே தேடிப் பெறுவதா என்பதில் தவறினால், சில ஆண்டுகளில் அத்துண்டு மட்டும் வெளிறியோ உரிந்தோ தனித்துத் தெரியும்.

2. சொல்லும் பொருளும்

தமிழில் ‘எனாமல்’ என்னும் சொல் இன்று குறைந்தது மூன்று பொருள்களைக் குறிக்கிறது. முதலாவது, பல்லின் மேற்பூச்சாகிய பற்சிப்பி. இரண்டாவது, வண்ணக் கடைகளில் ‘எனாமல் பெயிண்ட்’ என விற்கப்படும், கதவுக்கும் இரும்புக் கம்பிக்கும் பூசும் பளபளப்பான வண்ணம். அல்கைடு என்னும் செயற்கைப் பிசினில் நிறமி கலந்து செய்யப்படும் இது காற்றில் உலர்வது, பெரும்பாலும் ஒளிபுகாதது. மூன்றாவது, பொடியாக்கிய நிறக் கண்ணாடியை உலோகத்தின்மீதோ கண்ணாடியின்மீதோ இட்டு நெருப்பில் உருக்கி ஒட்டவைக்கும் உண்மையான எனாமல். செய்ப்பூரின் மீனாக்காரி நகை வேலையில் நாம் காண்பது இம்மூன்றாம் பொருளையே.

இரண்டாவதும் மூன்றாவதும் பெயரால் ஒன்று. பொருளால் முற்றிலும் வேறு. ஒன்று கரிமப் பிசின் படலம், மற்றொன்று கண்ணாடி. கைவினை நூல்களை மொழிபெயர்க்கும்போது இவ்வேறுபாடு குறிக்கப்படாவிடில், படிப்பவர் வன்பொருள் கடையில் வாங்கிய வண்ணத்தைச் சூளையில் இட நேரும். அவ்வாறு இட்டால் பிசின் கருகிப் புகையாகும். நிறமி மட்டும் ஒட்டாத சாம்பலாக எஞ்சும். பொதுவான எனாமலைக் குறிக்கப் ‘பற்சிப்பி’ என்னும் சொல்லைச் சில மொழிபெயர்ப்புகள் ஆள்வதும், நிறக் கண்ணாடிச் சாளரத்தைக் ‘கறை படிந்த கண்ணாடி’ என்று எழுதுவதும் இம்மயக்கத்தை மிகுவிக்கின்றன. அழுக்கேறிய கண்ணாடி என்றே அத்தொடர் பொருள்படும்.

இக்கட்டுரையில் கண்ணாடிப் பொடியாலாகி நெருப்பில் உருகுவது மட்டும் ‘எனாமல்’ எனப்படுகிறது. உலரும் பிசினால் ஒட்டுவது ‘பிசின் வண்ணம்’ எனவும், உருக்கும்போதே நிறம் ஏற்றப்பட்ட கண்ணாடி ‘நிறம் ஊறிய கண்ணாடி’ எனவும் வேறுபடுத்தப்படுகின்றன.

3. ஒளிபுகும் தன்மையின் அடிப்படை

ஒரு நிறப்படலம் ஒளிபுகுமா என்பதை இரண்டு காரணிகள் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒன்று நிறமிக்கும் அதனைச் சூழ்ந்த ஊடகத்துக்கும் இடையிலான ஒளிவிலகல் எண் வேறுபாடு. மற்றொன்று நிறமித் துகளின் அளவு. சாதாரணச் சாளரக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52. வண்ணங்களில் பயன்படும் பிசின்கள் பலவும் 1.5ஐ ஒட்டியவை. வெள்ளை வண்ணத்தின் அடிப்படையான டைட்டானியம் டைஆக்சைடின் ஒளிவிலகல் எண்ணோ ஏறத்தாழ 2.7. இப்பெரும் வேறுபாட்டால் ஒளி ஒவ்வொரு துகளிலும் சிதறுகிறது; படலம் வெண்மையாகி ஒளியை மறைக்கிறது. ஆகவே ஒளிபுகும் வண்ணத்தில் வெள்ளை சிறிதும் கலத்தலாகாது. நிறத்தை இளக்க வேண்டுமெனில் நிறமற்ற ஊடகத்தைச் சேர்த்தே இளக்க வேண்டும்.

துகள் மிக நுண்ணியதாக இருப்பின் சிதறல் குறையும். சாதாரணக் காவி நிறமி ஒளிபுகாதது. அதே இரும்பு ஆக்சைடை மிக நுண்ணிய துகளாக ஆக்கினால் தேன் நிறத்தில் ஒளிபுகும் நிறமியாகிறது. சாயம் மூலக்கூறு அளவில் கரைந்துவிடுவதால் சிதறலே இல்லை; ஆகவே சாய வண்ணங்கள் மிகத் தெளிவாக விளங்கும். ஆனால் அத்தெளிவுக்கு ஒரு விலை உண்டு. சாயங்கள் பல வெயிலில் விரைவில் வெளிறிவிடும்.

மூன்றாவதாகக் கருத வேண்டுவது படலத்தின் தடிமன். ஒரு பூச்சு தன்மீது விழும் ஒளியில் 60 விழுக்காட்டை ஊடுருவ விடுகிறது எனக் கொண்டால், அதே பூச்சு இருமுறை இடப்படும்போது 36 விழுக்காடும், மும்முறை இடப்படும்போது ஏறத்தாழ 22 விழுக்காடும் மட்டுமே வெளிவரும். நிறம் ‘போதவில்லை’ என்று பூச்சின்மேல் பூச்சு இடுவது வண்ணத்தை ஆழமாக்குவதோடு ஒளியையும் அடைத்துவிடும். நிறங்களைக் கலப்பதும் இவ்வாறே. ஒவ்வொரு நிறமியும் வெள்ளொளியிலிருந்து ஒரு பகுதியை உறிஞ்சுவதால், மூன்று நான்கு நிறங்கள் கலந்த கலவை ஊடுருவும் ஒளியில் பழுப்பாகவோ கரியதாகவோ முடியும். ஒரே நிறமி கொண்ட வண்ணத்தைத் தெரிவதும், கலப்பை இரண்டுக்குள் நிறுத்துவதும் ஒளிர்வைக் காக்கும் வழிகள்.

இதனால் வண்ணத்தைத் தெரிவு செய்யும் முறையும் மாறுகிறது. வெள்ளைத் தாளில் தடவிப் பார்த்து நிறத்தை மதிப்பிடுவது கண்ணாடிக்குப் பொருந்தாது. தாளில் ஒளி படலத்தின் வழியாக இருமுறை சென்று மீள்கிறது. சாளரத்தில் ஒருமுறையே செல்கிறது. எனவே மாதிரியைக் கண்ணாடித் துண்டில் தீட்டி, அது நிலைபெறவிருக்கும் திசையின் பகலொளியில் பிடித்துக் காண்பதே சரியான மதிப்பீடாகும்.

4. சூளையில் வேகும் நிறங்கள்

4.1 எனாமலின் கூறுகள்

எனாமல் என்பது எளிதில் உருகும் கண்ணாடிப் பொடியும் நிறம் தரும் உலோக ஆக்சைடும் சேர்ந்தது. எளிதில் உருகச் செய்யும் கூறு இளக்கி எனப்படும். மரபில் காரீய ஆக்சைடும் வெண்காரமும் இளக்கிகளாகப் பயன்பட்டன. பொடியைத் தூரிகையால் தீட்டுவதற்குப் பிசின் கரைத்த நீரோ, இலவங்க எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் போன்ற ஊடகமோ சேர்க்கப்படும். இவ்வூடகம் வேலைக்கு மட்டுமே உரியது. சூளை சூடேறும்போது எனாமல் உருகுவதற்கு முன்பே அது முழுவதும் எரிந்து வெளியேற வேண்டும். சூளைக்குப் போதிய காற்றோட்டம் இன்றி விரைவாகச் சூடேற்றினால் கரி உள்ளே சிக்கி, நிறம் மங்கும், கொப்புளமும் தோன்றும்.

சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி ஏறத்தாழ 550 டிகிரி செல்சியசில் தன் உள்ளிறுக்கம் தளரும் நிலையை அடைகிறது. 720 டிகிரியை ஒட்டி வெளிப்படையாக இளகத் தொடங்குகிறது. எனாமல் இவ்விரண்டுக்கும் இடையில் உருகிப் பரவி ஒட்ட வேண்டும். ஆகையால் கண்ணாடிக்குரிய எனாமல்கள் பொதுவாக 550 முதல் 680 டிகிரி வரையிலான எல்லைக்குள் வேகுமாறு அமைக்கப்படுகின்றன. செம்பு, இரும்பு முதலியவற்றுக்கென அமைந்த நகை எனாமல்கள் இதனினும் உயர்ந்த வெப்பத்தில் உருகுவன. அவற்றைக் கண்ணாடித் தகட்டில் இட்டால், எனாமல் உருகுவதற்கு முன் தகடு வளைந்துவிடும்.

4.2 வெப்ப விரிவின் பொருத்தம்

சூளையிலிருந்து ஆறும்போது கண்ணாடியும் எனாமலும் சுருங்குகின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் சுருங்கினால் படலம் நிலைக்கும். எனாமல் மிகுதியாகச் சுருங்கினால் இழுவிசைக்கு உட்பட்டு நுண்விரிசல் காணும். காலப்போக்கில் செதிலாக உதிரும். சோடா சுண்ணாம்புக் கண்ணாடியின் விரிவெண் ஒரு டிகிரிக்கு 10 இலட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு. ஆய்வகக் கலங்களுக்கும் அடுப்பில் வைக்கும் கலங்களுக்கும் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடியின் விரிவெண் 10 இலட்சத்தில் ஏறத்தாழ 3.3 பங்கு மட்டுமே. ஒன்றுக்குச் செய்த எனாமல் மற்றொன்றுக்கு உதவாது. எனவே எனாமலைத் தெரிவதற்கு முன் கண்ணாடி எவ்வகையினது என்பதை அறிதல் முதற்கடமை.

இன்று கிடைக்கும் தட்டைக் கண்ணாடியில் கவனிக்க வேண்டிய இன்னொரு கூறும் உண்டு. 1959இல் பிரித்தானியாவின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவை முறையில் உருகிய கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து தட்டையாகிறது. அதனால் ஒரு முகத்தில் மட்டும் வெள்ளீயம் நுண்ணளவில் படிந்திருக்கும். எனாமலும் வெள்ளி மஞ்சளும் இரு முகங்களிலும் ஒன்றுபோல் நிறம் தருவதில்லை. குறைந்த அலைநீளப் புற ஊதா விளக்கின்கீழ் வெள்ளீய முகம் பாலாவிபோல் ஒளிர்வதைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம்.

4.3 நிறந்தோறும் வேறுபடும் விடை

ஒளிபுகும் நிறம் அனைத்தையும் ஒரே வகைப் பொருளால் பெற இயலாது என்பது இத்துறையின் அடிப்படை உண்மைகளுள் ஒன்று.

நீலம்: கோபால்ட் ஆக்சைடு மிகச் சிறிதளவே ஆழ்ந்த, தெளிந்த நீலத்தைத் தருகிறது, வெப்பத்தாலும் எளிதில் மாறுவதில்லை. எனாமலில் எளிதாகக் கைகூடும் நிறம் இது.

பச்சை: செம்பு ஆக்சைடு காரீயம் மிக்க இளக்கியில் பச்சையாகவும், காரம் மிக்க இளக்கியில் நீலப்பச்சையாகவும் விளங்கும். ஆகவே நிறத்தை ஆக்சைடு மட்டுமன்றி இளக்கியும் தீர்மானிக்கிறது.

ஊதா: மாங்கனீசு மரபான மூலம்.

மஞ்சள்: இதற்கு எனாமலைவிட வெள்ளி மஞ்சளே சிறந்தது. வெள்ளிச் சேர்மத்தைக் களிமண்ணோடோ காவியோடோ குழைத்துக் கண்ணாடியில் தடவிச் சூடேற்றினால், வெள்ளி அயனிகள் கண்ணாடியின் சோடியம், பொட்டாசிய அயனிகளின் இடத்தைப் பற்றி உள்ளே நுழைகின்றன; பின்னர் நுண்ணிய வெள்ளித் துகள்களாகின்றன. இத்துகள்கள் நீல ஒளியை உறிஞ்சுவதால் கண்ணாடி மஞ்சளாகிறது. ஆறியபின் மேலிருக்கும் களிமண்ணைத் துடைத்துவிடலாம். மேலே படலம் ஏதும் எஞ்சாமல், நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால் உரிதல் என்பதே இல்லை. இது பொதுவாகச் சாளரத்தின் வெளிமுகத்தில், பிற நிறங்கள் வெந்தபின் அவற்றினும் குறைந்த வெப்பத்தில் வேகவைக்கப்படும்.

சிவப்பு: மிகக் கடினமான நிறம் இதுவே. இரும்பால் வரும் சிவப்பு பெரும்பாலும் ஒளிபுகாதது. காட்மியம், செலினியம் சேர்ந்த சிவப்பு எனாமல்களும் பொதுவாக ஒளியை மறைப்பவை. காரீயமோ செம்போ உள்ள பிற எனாமல்களோடு கலந்தால் கறுப்பன. பொன்னிலிருந்து பெறப்படும் எனாமல் ஒளிபுகுமெனினும், அது இளஞ்சிவப்பையும் கருஞ்சிவப்பின் சாயலையுமே தருகிறது. வெப்பம் மிகுந்தால் நிறம் திரிகிறது. எனவே ஆழ்ந்த, ஒளிரும் சிவப்பு தேவைப்படும் இடத்தில் செம்பால் நிறமேற்றிய கண்ணாடியையே நாட வேண்டியுள்ளது. செம்புச் சிவப்பு மிக அடர்த்தியானது. தகடு முழுவதும் அதனாலானால் கறுப்பாகவே தோன்றும். அதனால்தான் நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய செந்நிறப் படலத்தைப் போர்த்திச் செய்யும் முறை இடைக்காலத்திலேயே தோன்றியது.

5. சூளை வேண்டாத பிசின் வண்ணங்கள்

சூளை இல்லாதவர்க்கும், உடைந்த பழம்பொருளைச் சூடேற்றக் கூடாத இடங்களிலும் பிசின் வண்ணமே வழி. இவற்றுள் மூன்று வகைகள் உள்ளன. கரைப்பான் அடிப்படையிலானவை தெளிவும் பளபளப்பும் மிக்கவை. தூரிகைத் தடம் தெரியாமல் தாமே சமமாகப் பரவுவன. நீர் அடிப்படையிலானவை கையாள எளியவை, மணம் குறைந்தவை, ஆனால் ஈரத்துக்கு ஓரளவு இளகுபவை. மூன்றாவது வகை, வீட்டு அடுப்புப்பெட்டியில் சுடப்படுவது. எடுத்துக்காட்டாக, பெபியோ நிறுவனத்தின் விட்ரியா 160 என்னும் வண்ணம் உலர்ந்தபின் 160 டிகிரியில் 40 நிமிடம் சுடப்படுகிறது. இச்சூடு பிசினை இறுகச் செய்வது மட்டுமே, கண்ணாடி உருகுவதில்லை. ஆகவே ‘சுடப்படுவது’ என்பதனாலேயே இதனை எனாமலோடு ஒப்பிடலாகாது.

பிசின் வண்ணத்தின் தரத்தை அறிய அதன் புட்டியில் உள்ள நிறமிக் குறியீடே நம்பத்தக்க வழிகாட்டி. ‘மரகதப் பச்சை’, ‘மாணிக்கச் சிவப்பு’ போன்ற வணிகப் பெயர்கள் உள்ளிருக்கும் நிறமியைச் சொல்வதில்லை. நிறப் பொருள்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டில் நீலம் 15, பச்சை 7 என எண்ணிடப்பட்ட தாலோசயனின் நிறமிகள் ஒளிபுகுவன. வெயிலையும் நன்கு தாங்குவன. ஊதா 19 என்னும் குயினாக்ரிடோன் நிறமி இளஞ்சிவப்புச் சாயலுக்கு ஏற்றது. மஞ்சள் 150 ஒளிபுகும் மஞ்சளுக்கு உதவுகிறது. நிறமியின் பெயரே இல்லாத புட்டியில் சாயம் இருக்கக்கூடும் என்று கருதிச் சோதித்தபின் பயன்படுத்துவதே முறை.

சோதனை எளியது. கண்ணாடித் துண்டில் வண்ணத்தைத் தீட்டி, உலர்ந்தபின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் சாளரத்தில் சில மாதங்கள் வைக்க வேண்டும். பின்னர்த் தாளை நீக்கினால் இரு பாதிகளின் வேறுபாடு வெளிறும் அளவைக் காட்டிவிடும். அதே துண்டை ஒருநாள் நீரில் ஊறவைத்து நகத்தால் கீறிப் பார்ப்பது ஒட்டுந்திறனைக் காட்டும்.

ஒட்டுந்திறன் பெரும்பாலும் தூய்மையைச் சார்ந்தது. கைரேகையின் எண்ணெய்ப் பசையே படலம் உரியப் போதுமானது. சோப்பு நீரால் கழுவி, ஆல்ககாலால் துடைத்து, விளிம்பை மட்டும் பற்றிக் கையாள வேண்டும். கண்ணாடியைக் கிடையாக வைத்துத் தீட்டுவதும், வண்ணப் புட்டியைக் குலுக்காமல் மெதுவாகக் கலக்கிக் குமிழியைத் தவிர்ப்பதும் முக்கியமானவை. ஊடுருவும் ஒளியில் ஒவ்வொரு குமிழியும் தூரிகைத் தடமும் பெரிதாகத் தெரியும்.

6. வரலாறு தரும் சான்றுகள்

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலசு என்னும் துறவி இலத்தீனில் எழுதிய கைவினை நூல் கண்ணாடியில் தீட்டும் முறையை விளக்குகிறது. எரித்த செம்பும் அரைத்த பச்சை, நீலக் கண்ணாடிகளும் சேர்ந்த கலவையையே அது தீட்டுவதற்கு உரியதாகக் கூறுகிறது. அக்கலவை தருவது கரிய நிறம். அக்காலச் சாளரங்களில் நிறம் முழுவதும் நிறம் ஊறிய கண்ணாடியிலிருந்தே வந்தது. தீட்டியது கோடும் நிழலும் மட்டுமே. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளி மஞ்சள் ஐரோப்பியச் சாளரங்களில் பரவியதும், ஒரே துண்டில் வெண்முகத்தையும் பொன்முடியையும் தீட்ட முடிந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிற எனாமல்கள் சாளரக் கலைக்குள் வந்தன. 1630களில் லொரேன் பகுதியின் கண்ணாடிச் சூளைகள் போரில் அழிந்தமை நிறக் கண்ணாடிப் பற்றாக்குறையைக் கூட்டி, எனாமலின் தேவையை மிகுவித்தது.

இம்மாற்றத்தின் விளைவுகள் மூன்று வகையில் படிப்பினை தருகின்றன. முதலாவது, நீல எனாமல் உதிர்தல். 16, 17ஆம் நூற்றாண்டுச் சாளரங்கள் பலவற்றில் பிற நிறங்கள் நிற்க, நீலம் மட்டும் செதிலாக உதிர்ந்துள்ளது. விரிவுப் பொருத்தமின்மையும் ஈரத்தால் நேரும் வேதிச் சிதைவும் இதற்குக் காரணங்கள். ஒளியியலில் எளிதான நிறம் நிலைபேற்றில் எளிதானதன்று என்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது, ஒளி இழப்பு. ஆக்சுபோர்டு நியூ கல்லூரித் தேவாலயத்தின் மேற்குச் சாளரத்துக்குச் சர் சோசுவா ரெனால்ட்சு வரைந்த வடிவத்தைத் தாமசு செர்வேசு எனாமலில் தீட்டினார். 1770களின் இறுதியில் தொடங்கிய இப்பணி 1780களில் நிறைவுற்றது. எண்ணெய் ஓவியத்தின் நிழல் வேறுபாட்டை எனாமலில் கொணர முயன்றதால் ஒளி பெரிதும் அடைபட்டது. முடிவு ஓவியருக்கே ஏமாற்றம் அளித்தது. ஓவியமாகச் சிறந்த ஒன்று சாளரமாகவும் சிறக்கும் என்பது உறுதியன்று.

மூன்றாவது, இளக்கியின் தவறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வேகும் வெப்பத்தைக் குறைப்பதற்காகக் கண்ணாடி வண்ணத்தில் வெண்காரம் மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. அத்தகைய வண்ணம் ஈரத்தில் சிதையும் தன்மையது. சில பத்தாண்டுகளுக்குள் முகங்களின் கோடுகளும் நிழல்களும் அழிந்தன. வில்லியம் மோரிசின் நிறுவனம் உருவாக்கிய சாளரங்களும் இதற்குத் தப்பவில்லை. சூளையில் வெந்தது என்பதனால் மட்டும் நிலைபேறு உறுதியாவதில்லை. எத்தகைய இளக்கியால் வெந்தது என்பதும் ஆராயத்தக்கது.

7. தெரிவு முறை

மேற்கண்டவற்றிலிருந்து ஐந்து வினாக்கள் கொண்ட ஒரு தெரிவு முறையை வகுக்கலாம். இவ்வரிசையில் முன்வினாவுக்குரிய விடை பின்வினாவின் எல்லையைச் சுருக்குகிறது.

முதலாவது, ஒளி எங்கிருந்து வருகிறது? முன்புறமிருந்து வருமாயின், தஞ்சைக் கண்ணாடி ஓவியத்தில்போல ஒளிபுகா வண்ணமே உரியது. ஒளிபுகும் வண்ணத்தின் பின்னே உலோகத் தாளை வைத்து ஒளியைத் திருப்பும் முறை இதற்கு ஒரு விலக்கு. பின்புறமிருந்து வருமாயின் அடுத்த வினாவுக்குச் செல்லலாம்.

இரண்டாவது, கண்ணாடியைச் சூடேற்றலாமா? பழம்பொருள், ஏற்கெனவே வண்ணம் உள்ள துண்டு, வகை தெரியாத கண்ணாடி, வலுவூட்டப்பட்ட கண்ணாடி ஆகியவற்றைச் சூளையில் இடலாகாது. வலுவூட்டிய கண்ணாடி சூளையில் தன் வலுவை இழந்துவிடும்.

மூன்றாவது, எவ்வளவு காலம், எத்தகைய சூழலில் நிலைக்க வேண்டும்? வெயிலும் மழையும் படும் சாளரத்துக்கு நிறம் ஊறிய கண்ணாடி, வெள்ளி மஞ்சள், தகுந்த எனாமல் என்னும் வரிசை பொருந்தும். உள்ளறையின் அலங்காரத்துக்கும் விழாக்கால விளக்குக்கும் பிசின் வண்ணம் போதும்.

நான்காவது, எந்த நிறம்? நீலமும் பச்சையும் எனாமலிலும், மஞ்சள் வெள்ளியிலும், ஆழ்ந்த சிவப்பு நிறப்படலம் போர்த்திய கண்ணாடியிலும் சிறக்கும்.

ஐந்தாவது, உணவோ கையோ படுமா? காரீயமும் காட்மியமும் உள்ள எனாமல்களைக் கலத்தின் உட்புறத்திலும் வாய் படும் விளிம்பிலும் பயன்படுத்தலாகாது. கண்ணாடிக் கலங்களிலிருந்து இவை வெளியேறுவதை அளக்கப் பன்னாட்டுத் தர அமைப்பின் 7086ஆம் தரம் 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தில் 24 மணிநேரம் ஊறவைக்கும் சோதனையை வகுத்துள்ளது. புளிப்பான பானம் அமிலமே என்பதை நினைந்தால் இச்சோதனையின் தேவை விளங்கும். பொடியைக் கையாள்வோர் முகமூடி அணிவதும், உலர்ந்த எனாமலைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பதும் இன்றியமையாதவை.

இம்முறை புதிய ஆக்கத்துக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புப் பணிக்கும் உதவும். பழைய சாளரங்களில் வேகாத வண்ணம் தீட்டப்பட்ட இடங்கள் உள்ளன. அவற்றை அழுக்கென எண்ணிக் கரைப்பானால் துடைத்ததால் ஓவியரின் கைவேலையே அழிந்த நிகழ்வுகள் உண்டு. தஞ்சைக் கண்ணாடி ஓவியத்தின் பின்புறத்தை ஈரத்துணியால் துடைப்பதும் அத்தகைய இழப்பையே தரும். நிறம் கண்ணாடிக்குள் உள்ளதா, கண்ணாடியோடு உருகியுள்ளதா, மேலே ஒட்டியுள்ளதா என்பதை அறிந்த பின்னரே தூய்மை செய்யத் தொடங்க வேண்டும்.

8. முடிவுரை

• ‘எனாமல்’ என்னும் சொல்லால் கண்ணாடிப் பொடியையும் அல்கைடு வண்ணத்தையும் வேறுபாடின்றிக் குறிப்பது பொருள்தெரிவில் பிழைக்கு வழிவகுக்கிறது. மொழிபெயர்ப்பிலும் பாடநூலிலும் இவற்றை வேறுபடுத்தும் கலைச்சொற்கள் தேவை.

• ஒளிபுகும் தன்மை நிறமியின் துகளளவு, ஒளிவிலகல் எண், படலத் தடிமன் ஆகியவற்றைச் சார்ந்தது. வெள்ளையைத் தவிர்த்தலும் கலப்பைக் குறைத்தலும் ஒளிர்வைக் காக்கின்றன.

• எனாமலின் நிலைபேறு கண்ணாடியோடு அதற்குள்ள விரிவுப் பொருத்தத்தையும் இளக்கியின் இயல்பையும் பொறுத்தது. நீல எனாமல் உதிர்ந்தமையும் வெண்காரம் சேர்ந்த வண்ணம் அழிந்தமையும் இதற்குச் சான்றுகள்.

• எல்லா நிறத்துக்கும் ஏற்ற ஒரே பொருள் இல்லை. ஒரே சாளரத்தில் நிறம் ஊறிய கண்ணாடியும் வெள்ளி மஞ்சளும் எனாமலும் தத்தம் இடத்தில் அமைவதே சிறந்த தெரிவாகும்.

• செட்டிநாட்டு நிலை வளைவில் உடைந்த செந்நிறத் துண்டுக்குப் பூச்சு மாற்றாகாது. செந்நிறப் படலம் போர்த்திய கண்ணாடியே நிலையான மாற்றாகும். அது கிடைக்கும்வரை பூச்சிட்ட துண்டைத் தற்காலிகமாக வைக்க நேரின், அது தற்காலிகமானது என்பதையும் பயன்படுத்திய வண்ணத்தின் நிறமிக் குறியீட்டையும் எழுதி வைப்பது பின்வருவோர்க்குப் பயன்படும்.